அடைக்கலராஜின் துண்டு

கண்ணாடிக் குழாயில் ஒரு சோப்புக் குமிழி மெதுவாக மேலே ஏறுவதைப் பார்ப்பதில் எனக்கு இன்றைக்கும் அலுப்பு வருவதில்லை. பணி ஓய்வுக்கு இன்னும் எட்டு மாதம்தான் இருக்கிறது. இருபத்தாறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குழாயின் அடியில் சோப்புத் தண்ணீர், மேல்முனையில் காற்றை இழுக்கும் சின்னப் பம்பு. பம்பை ஓட்டியதும் மெல்லிய சவ்வு ஒன்று கிளம்பி, வானவில் நிறம் காட்டிக்கொண்டு கீழ்க்கோட்டிலிருந்து மேல்கோட்டுக்குப் போகும். அதற்கு எத்தனை வினாடி ஆகிறது என்று பார்த்தால் போதும், பம்பு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்றை இழுக்கிறது என்று தெரிந்துவிடும். இரண்டு லிட்டர் இழுக்க வேண்டும். இழுத்தது.

விசாரணை அதிகாரி இளமதி மேடம், நடந்ததை முதலிலிருந்து என் சொந்த வார்த்தையில் எழுதித் தரச் சொன்னீர்கள். முதல் என்றால் எனக்கு இந்தக் குமிழிதான். பம்பில் கோளாறு இல்லை என்பது தெரிந்தால்தான் புதிர் எவ்வளவு நல்ல புதிர் என்பது உங்களுக்குப் புரியும்.

என் பெயர் சபாபதி. குமராட்சிப் பக்கத்து விவசாயக் குடும்பம். கடலூர் சிப்காட்டில் ஒரு நிறமி ஆலையில் பாதுகாப்புப் பிரிவில் வேலை. நாங்கள் மஞ்சள் செய்கிறோம். சாலை நடுவில் போடுகிற கோட்டின் மஞ்சள், மண் அள்ளும் இயந்திரங்களின் மஞ்சள். வெயிலுக்கும் மழைக்கும் வெளுக்காத மஞ்சள். அந்த நிறத்துக்கு உயிர் கொடுப்பது குரோமியம். அதன் தூள் மூச்சோடு உள்ளே போய் நுரையீரலின் கடைசிக் கிளைகளில் தங்கிக்கொள்ளும். அவசரமே படாது. பதினைந்து, இருபது வருடம் கழித்து அங்கே ஒரு கட்டி வரலாம், வராமலும் போகலாம். இவ்வளவு பொறுமையான பொருளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆகவே பொட்டலம் போடும் கொட்டகையில் எவ்வளவு தூள் பறக்கிறது என்று அளந்துகொண்டே இருக்க வேண்டும். அளக்கும் முறை எளிமையானது. தொழிலாளியின் இடுப்பு பெல்ட்டில் பம்பு. அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் முதுகு வழியாக ஏறித் தோளைத் தாண்டி, சட்டைக் காலரில் வந்து முடியும். முனையில் மாத்திரை டப்பா அளவில் ஒரு வடிகட்டி, கிளிப்போடு. மூக்கிலிருந்து ஒரு சாணுக்குள் இருப்பதால், மூக்கு எந்தக் காற்றை இழுக்கிறதோ அதே காற்றைப் பம்பும் இழுக்கும் என்பது கணக்கு. ஒரு ஷிப்ட் முழுக்க ஓடவிட்டு, வடிகட்டியைச் சென்னைக்கு அனுப்பினால் இரண்டு வாரத்தில் எண் வரும். உங்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்று, சட்டம் அனுமதிக்கும் அளவை நூறு என்று வைத்துச் சொல்கிறேன்.

2012 ஜனவரியில் பதினோரு பேருக்கு மாட்டினேன். பத்துப் பேருக்கு இருநூற்றிருபதிலிருந்து முந்நூறு வரை வந்தது. ஒருவருக்கு மட்டும் முப்பத்தொன்று.

அந்த ஒருவர் தூரத்தில் நின்றவராக இருந்திருந்தால் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். அவர் அடைக்கலராஜ். தூள் கொட்டுகிற புனலின் வாயிலேயே நிற்பவர். சாக்கைப் பிடித்து, நிரப்பி, தட்டி, இறக்குவது அவர் வேலை. ஒவ்வொரு தட்டுக்கும் மஞ்சள் புகை குபுகுபுவென்று அவர் முகத்துக்கு எழும்பும். இருபதடி தள்ளிச் சாக்குக்குத் தையல் போடும் சாமிக்கண்ணுவுக்கு இருநூற்றறுபது. ஆலையிலேயே அதிகத் தூளில் நிற்கிற மனிதருக்கு முப்பத்தொன்று. இதுதான் என் புதிர். ஒன்பது மாதம் அது என்னை விடவில்லை.

இரண்டு பேரின் பம்புகளையும் மாற்றி மாட்டினேன். எண் ஆளோடு போனது, பம்போடு போகவில்லை. குழாயில் ஓட்டை தேடினேன், இல்லை. மின்விசிறியை நிறுத்திப் பார்த்தேன், திசை மாற்றிப் பார்த்தேன். ஊதுபத்தி கொளுத்திக் கொண்டுபோய்ப் புனல் வாயில் காற்று எப்படிப் போகிறதென்று பார்த்தேன்.

"இன்னா மச்சான், எனக்குத் தெவசமா?" என்றார் அடைக்கலராஜ். எனக்கும் அவருக்கும் சாதியும் வேறு, சாமியும் வேறு. ஆனாலும் வேலைக்குச் சேர்ந்த வருடத்திலிருந்தே மச்சான்தான்.

"காத்து எப்படிப் போவுதுன்னு பாக்கறேன்யா."

"காத்து போவுது. நீயும் போனீன்னா நான் இன்னும் நாப்பது மூட்ட எறக்கிடுவேன்."

சாமிக்கண்ணு தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "அவரு எங்க போவாரு? பன்னி மூஞ்சியக் கழட்டாம வெளிய போனா நாய் தொரத்தும்."

பன்னி மூஞ்சி என்றது என் முகமூடியை. இரண்டு பக்கமும் வட்டமான வடிகட்டி வைத்தது. எங்கள் பிரிவில் அது இரண்டுதான் இருந்தது, அளக்கப் போகிறவர்களுக்கு. தொழிலாளிகளுக்குத் துணி முகமூடி கொடுத்திருந்தோம், புழுக்கத்தில் யாரும் போடமாட்டார்கள். என்னுடையதை மாட்டிக்கொண்டு மூட்டை தூக்கினால் பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கும். நான் மூட்டை தூக்குவதில்லை என்பதால் எனக்குச் சரியாக இருந்தது. அந்தக் கொட்டகைக்குள் அதைக் கழற்றியதே இல்லை.

செப்டம்பரில் விடை கிடைத்தது. ஷிப்ட் முடிந்து அடைக்கலராஜிடமிருந்து வடிகட்டியைக் கழற்றும்போது, அதன் வாயில் ஒரு நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைப் பருத்தி நூல். அவர் சட்டை நீல பாலியஸ்டர். நிமிர்ந்து பார்த்தேன். கழுத்தைச் சுற்றிக் கனமான பூத்துவாலை. இரண்டு முனையையும் பட்டனுக்குள் செருகி, பின்னூசி குத்தியிருந்தார். தினமும் நான் பார்த்ததுதான். அன்றுதான் கண்ணில் பட்டது.

"இது எதுக்குய்யா இந்த வெயில்ல?"

அவர் துண்டை விலக்கிக் காட்டினார். கழுத்தில் உத்தரியம். கயிற்றில் கோத்த சின்னத் துணித் துண்டு, அதில் மாதா படம். "எம் பொண்டாட்டி சவரிமேரி மந்திரிச்சுப் போட்டது. இந்த எழவு தூள் பட்டு மாதா மஞ்சக்காமாலை புடிச்ச மாதிரி ஆயிட்டாங்கன்னு ஒரே சண்டை. அதான் மூடி வக்கிறேன். பாரு, எப்படி வெள்ளையா இருக்காங்க."

மாதா வெள்ளையாகத்தான் இருந்தார். அந்தத் துண்டுக்கு அடியில்தான் காலர். காலரில்தான் என் வடிகட்டி. மாதாவைச் சுத்தமாக வைத்திருந்த துண்டு என் வடிகட்டியையும் சுத்தமாக வைத்திருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை எழுதினால் தப்பாக எடுத்துக்கொள்வீர்களோ என்று தயக்கமாக இருக்கிறது. ஆனால் நடந்ததை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். திருப்பாதிரிப்புலியூரில் பஸ் இறங்கி, வீட்டுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனேன்.

முறைப்படி என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். துண்டுக்கு மேலே வடிகட்டியை மாட்டித் திரும்ப அளக்க வேண்டும். அதைச் செய்தேன். முந்நூற்றுப் பத்து வந்தது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பொது மேலாளர் ராமாமிர்தத்திடம் போனேன். கூடவே ஒரு வரைபடமும் கொண்டுபோனேன். புனல் வாய்க்குப் பக்கவாட்டில் ஓர் உறிஞ்சு மூடி. வீட்டுச் சமையலறையில் புகை இழுக்க மேலே வைப்பார்கள். மேலே வைத்தால் தூள் மூக்கைக் கடந்துதான் மேலே போகும். ஆகவே இதைப் பக்கத்தில் வைக்க வேண்டும். புகை முகத்துக்கு வருவதற்கு முன்பே திரும்பிக்கொள்ளும். நல்ல வரைபடம். நான்கு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போட்டது.

ராமாமிர்தம் படத்தைப் பார்த்தார். "எத்தினி நாளு நிறுத்தணும்?"

"ஆறு வாரம், சார்."

"டிசம்பர்ல லைசென்ஸ் புதுப்பிக்கணும் சபாபதி. இந்த எண்ணைக் காட்டினா ஷெட்டுக்குப் பூட்டுப் போட்டுடுவாங்க. முப்பத்தெட்டுக் குடும்பம். அடுத்த வருஷம் கண்டிப்பா பண்ணலாம். இந்த வருஷத்துக்கு எண்ண மட்டும் கொஞ்சம் பாருங்க."

எண்ணைப் பார்ப்பது. அது என் வேலைதானே. அவர் பொய் எழுதச் சொல்லவில்லை, நானும் எழுதவில்லை. பதினோரு வருடத்தில் நான் ஓர் எண்ணைக்கூடத் திருத்தியதில்லை. கோப்பில் இருப்பதெல்லாம் சென்னையிலிருந்து வந்த எண்கள், அவர்கள் கையெழுத்தோடு. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

நான் செய்தது இவ்வளவுதான். அந்த வருட ஆயுத பூஜைக்குக் கொட்டகையில் முப்பத்தெட்டுப் பேருக்கும் ஆளுக்கு இரண்டு துண்டு கொடுக்க வைத்தேன். கனமான பூத்துவாலை, மஞ்சள் நிறம், அழுக்குத் தெரியாது. தையற்காரரிடம் சொல்லி முனையில் பட்டன் வைக்கச் செய்தேன், நழுவாமல் காலரோடு பொருந்தும்படி. எத்தனை மடிப்பு வேண்டும் என்பதற்குப் பல சோதனை செய்தேன். ஒரு மடிப்புக்கு எண்பது. இரண்டு மடிப்புக்கு முப்பத்தைந்து. மூன்று மடிப்பு வைத்தால் பம்பு திணறும். ஆகவே இரண்டு. சுவரில் பலகை வைத்தோம்: 'கழுத்துத் துண்டு அணிவது கட்டாயம்.' எங்கள் ஆலையில் எல்லோரும் மனமுவந்து கடைப்பிடித்த ஒரே பாதுகாப்பு விதி இதுதான். வியர்வை துடைக்கலாம். சாப்பிடக் கை கழுவினால் துடைக்கலாம். அந்தத் துண்டாலேயே முகமும் துடைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பூஜையில் 'சிறந்த பாதுகாப்பு யோசனை' என்று ஒரு பரிசும் ஏற்பாடு செய்தேன். யோசனை அடைக்கலராஜுடையதுதானே. ஒரு மிக்ஸி கொடுத்தோம். மேடையில் வாங்கும்போது அவர் சொன்னார், "ஒரு துண்டு போட்டதுக்கு மிக்ஸி குடுத்த கம்பெனி உலகத்துலயே நம்ம கம்பெனிதான். நாளைக்கு ஜட்டி போட்டுட்டு வரேன், கிரைண்டர் குடுங்க." கொட்டகையே அதிர்ந்தது. ராமாமிர்தம் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார்.

டிசம்பரில் எண்கள் வந்தன. அந்த மாத அறிக்கையே 2013-ஆம் ஆண்டுக்குரியதாகக் கோப்பில் இருக்கிறது. முப்பத்திரண்டு, இருபத்தெட்டு, முப்பத்தைந்து. இருநூற்றறுபதாக இருந்த சாமிக்கண்ணு முப்பதுக்கு வந்தார். எண் இறங்குவதைப் பார்ப்பது ஒரு தனிச் சுகம் மேடம். ஜுரம் இறங்குகிற மாதிரி.

உறிஞ்சு மூடியை அடுத்த வருடம் மறுபடி கேட்டேன். ராமாமிர்தம் நியாயமாகத்தான் பேசினார். "முப்பதுல இருக்கு சபாபதி. எதுக்கு மூடி?" படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தேன். வரைபடம் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. உங்களுக்கு ஒரு நகல் இணைத்திருக்கிறேன். இன்றைக்கும் கட்டலாம்.

உண்மை அளவு தெரிந்துகொண்டே இதைச் செய்தேனா என்று கேட்டீர்கள். தெரியாமல் இருப்பது எனக்குப் பிடிக்காது. ஒவ்வொரு வருடமும் ஒருநாள் நானே பம்பு மாட்டிக்கொண்டு, துண்டு இல்லாமல், புனல் பக்கத்தில் ஒரு ஷிப்ட் முழுக்க நின்றேன். பன்னி மூஞ்சியோடுதான். அந்த வடிகட்டிகளை என் பெயரில் அனுப்பி, வந்த எண்களை என் டைரியில் எழுதி வைத்தேன். முந்நூற்றைந்து, முந்நூற்று நாற்பது, முந்நூற்றிருபது. உற்பத்தி கூடியதால் கடைசி மூன்று வருடம் நானூறைத் தாண்டியது. பதினோரு வருடத்து எண்கள், ஒன்றுகூட விடவில்லை. டைரியையும் இணைத்திருக்கிறேன். அடைக்கலராஜின் மனுவுக்கு அது உதவும் என்று நீங்கள் சொன்னபோது எனக்கு மனநிறைவாக இருந்தது. வேறு யாரிடமும் இந்த எண்கள் கிடையாது.

போன வருடம் நவம்பரில் அடைக்கலராஜ் இருமலில் ரத்தம் பார்த்தார். சிதம்பரத்தில் காட்டினார்கள். வலது நுரையீரலில் கட்டி. வயது ஐம்பத்திரண்டு. பீடி, சிகரெட் தொட்டதில்லை. வேலையால் வந்த நோய் என்று மருத்துவக் குழு ஒப்புக்கொண்டால் சிகிச்சை முழுவதும் கிடைக்கும், மற்ற முப்பத்தேழு பேரையும் அழைத்து ஸ்கேன் எடுப்பார்கள். குழு எங்கள் கோப்பைக் கேட்டு வாங்கியது. பதினோரு வருடமும் முப்பது. காற்று சுத்தமாக இருந்திருக்கிறது, ஆகவே வேலையால் வரவில்லை என்று மனுவைத் திருப்பிவிட்டது. அந்த எண்களை வைத்துப் பார்த்தால் அவர்கள் முடிவு சரிதான்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். மெலிந்திருந்தார். கழுத்தில் அதே மஞ்சள் துண்டு.

"இன்னா மச்சான், மூஞ்சிய கழட்டிட்டு வந்துட்ட? இங்க நாய் இல்லன்னு தெரிஞ்சுபோச்சா?"

"எப்படிய்யா இருக்க?"

"முப்பத்தொன்னு வந்த எனக்குப் போயி கட்டி. எரநூத்தறுபது வந்த சாமிக்கண்ணு நல்லா இருக்கான். மாதா ஏதோ கணக்கு வச்சிருக்காங்க. நீதான் கணக்குல புலியாச்சே, நீ சொல்லேன்."

சொல்லியிருக்கலாம். பக்கத்தில் சவரிமேரி இருந்தார், ஆரஞ்சு உரித்துக்கொண்டு.

சொன்னது அவர் மகளிடம். ஆரோக்கிய ஜெனிபர் சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். அண்ணாமலை நகரில் ஒரு விடுதியில் தங்கியிருக்கிறாள். மனுவோடு திரும்பி வந்த கோப்பின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் என்னை நிறுத்தினாள்.

"சபாபதி மாமா, ஒன்னு கேக்கவா? கோச்சிக்க மாட்டீங்களே?"

"கேளும்மா."

"2012 ஜனவரில பதினோரு பேரு. பத்துப் பேருக்கு எரநூறுக்கு மேல, அப்பாவுக்கு மட்டும் முப்பத்தொன்னு. அடுத்த வருஷம் எல்லாருக்குமே முப்பது. நடுவுல இன்னா மிஷின் வச்சாங்க?"

"ஒன்னும் வைக்கல."

"ஃபேன் மாத்துனாங்களா?"

"அதே ஃபேன்தான்."

"அப்ப வேலை கொறஞ்சுதா?"

"ஜாஸ்திதான் ஆச்சு."

"அப்ப எப்படி மாமா எறங்குச்சு?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எத்தனையோ பேர் அந்தக் கோப்பைப் புரட்டினார்கள். கையெழுத்துப் போட்டார்கள், காபி குடித்தார்கள். ஒருவர்கூட இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. சரியான கேள்வியைக் கேட்கிற ஓர் ஆளுக்காக நான் பதினோரு வருடமாகக் காத்திருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

உட்காரச் சொன்னேன். இரண்டு டீ சொன்னேன். என் கைக்குட்டையை எடுத்து இரண்டாக மடித்து ஒரு கண்ணாடி டம்ளரின் வாயில் போர்த்தினேன். மேலே கொஞ்சம் சர்க்கரையைத் தூவினேன். துணியில் நின்றதைக் காட்டினேன். துணியைச் சற்று விலக்கித் தூவினேன். உள்ளே விழுந்ததைக் காட்டினேன். டம்ளர்தான் வடிகட்டி, கைக்குட்டைதான் துண்டு என்றேன். ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு கதையையும் சொன்னேன். நன்றாகக் கேட்டாள். படித்த பெண், மறுபடி சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக் கைக்குட்டையை மறுபடி அதன் வாயில் போர்த்தினாள். பிறகு, "எங்க அப்பா துண்டா மாமா?" என்றாள்.

"ஆமாம்மா. அவரு யோசனைதான். அதுக்குத்தான் பரிசே குடுத்தோம்."

"ஊருக்குப் போனப்ப அந்த மிக்ஸியிலதான் சட்னி அரைச்சேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அவள் டீயைத் தொடவில்லை. வீணாக்குவானேன் என்று அதையும் நானே குடித்தேன். அடுத்த வாரம் உங்கள் நோட்டீஸ் வந்தது.

என் தரப்பில் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. தூளை நான் உண்டாக்கவில்லை. நான் வருவதற்கு முன்பும் அது இருந்தது. இந்த வேலையில் எனக்குப் பதவி உயர்வும் இல்லை, பரிசும் இல்லை, மிக்ஸிகூட இல்லை. எண்ணைப் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தேன். உங்களிடம் இரண்டு வேண்டுகோள். அடைக்கலராஜுக்கு மனு சாதகமாக முடியட்டும், ஆனால் துண்டு விஷயத்தை அவரிடம் சொல்ல வேண்டாம். அவருக்கு அதில் பெருமை. இரண்டாவது, சாமிக்கண்ணுவை முதலில் ஸ்கேனுக்குக் கூப்பிடுங்கள். ஆடி மாதத்திலிருந்து அவருக்கும் இருமல். நான் தேதி குறித்து வைத்திருக்கிறேன்.

கடைசியாக, உங்கள் பதினான்காவது கேள்வி. காற்றில் எதையும் மாற்றாமல் எண்ணை மட்டும் எப்படி இறக்கினீர்கள், யாருக்கும் புரிகிற மாதிரி ஒரே வரியில் எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் இதுவரை கேட்கப்பட்டதிலேயே நல்ல கேள்வி. மூன்று தடவை எழுதிப் பார்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

குழாயின் வாய் துண்டுக்குக் கீழே இருக்க வேண்டும், மூக்கு துண்டுக்கு மேலே.